புரூஸ் லீயின் கால்களைப் பார்க்கவே இந்தப் பெட்டியை வாங்கலாம்

கராத்தே சொல்லித் தருபவன் நான். புரூஸ் லீ படம் என்றால் என் கண் அவர் கால் வைக்கும் இடத்துக்குத்தான் போகும். டிவியில் பார்த்த மங்கலான பிரிண்ட்டுகளில் அது சரியாகத் தெரிந்ததே இல்லை. பழைய படங்களைத் துலக்கி டிஸ்க்கில் வெளியிடும் கிரைட்டீரியன் நிறுவனம் 2020இல் வெளியிட்ட ப்ளூ-ரே தொகுப்பில் பளிச்சென்று தெரிகிறது. 'தி பிக் பாஸ்' (1971) தொடங்கி ஐந்து முக்கியப் படங்கள், மொத்தம் ஏழு டிஸ்க்.

முதலில் 'தி வே ஆஃப் தி டிராகன்' போடுங்கள். எழுதி இயக்கியதும் லீதான். ரோமின் கொலோசியத்தில் அமெரிக்கக் கராத்தே வீரர் சக் நாரிஸோடு சண்டை. ஆரம்பத்தில் லீ நன்றாக அடி வாங்குகிறார். எழுந்தவர் உடம்பைத் தளர்த்தி, முன்பாதத்தில் துள்ள ஆரம்பிக்கிறார். அதற்கப்புறம் நாரிஸுக்குத் தாளம் பிடிபடவே இல்லை. விடுகிற உதையெல்லாம் காற்றில் போகிறது. இப் மான் என்ற குருவிடம் விங் சுன் என்ற சீனத் தற்காப்புக் கலையைக் கற்றவர், 1958இல் ஹாங்காங்கில் சா-சா நடனப் போட்டியில் ஜெயித்தவர் என்பது அந்தக் கால்களைப் பார்த்தாலே புரியும். கேமராவும் தலை முதல் கால் வரை தெரிய விலகி நிற்கிறது. இன்றைய சண்டை இயக்குநர்கள் இதை உட்கார்ந்து பார்க்க வேண்டும். முடிவில், இறந்து கிடக்கும் நாரிஸ் மேல் அவருடைய கராத்தே சட்டையையும் பெல்ட்டையும் போர்த்திவிட்டுத்தான் லீ நகர்கிறார். என் மாணவர்களுக்கு நான் கட்டாயம் காட்டும் இடம் இது.

'என்டர் தி டிராகன்' இரண்டு வடிவங்களில் இருக்கிறது. 102 நிமிட வடிவத்தையே பாருங்கள், குருவோடு லீ பேசும் காட்சி அதில்தான் உண்டு.

'கேம் ஆஃப் டெத்' விஷயம் மனதைப் பிசைவது. 1972இல் ஒரு கோபுரத்துக்குள் நடக்கும் சண்டைகளை லீ படமாக்கிவிட்டு, 'என்டர் தி டிராகன்' வாய்ப்பு வந்ததால் நிறுத்தி வைத்தார். 1973 ஜூலை 20இல் இறந்துபோனார், வயது 32. 1978இல் வெளிவந்த படத்தில் டூப் போட்டு, ஓரிடத்தில் கண்ணாடியில் அவர் முகப்படத்தை ஒட்டி, அவருடைய நிஜ இறுதிச் சடங்கையே காட்சியாகச் சேர்த்திருக்கிறார்கள். எனக்கு அதைப் பார்க்கவே மனசு வரவில்லை. நல்லவேளையாக, லீ எடுத்த காட்சிகளைத் தனியாகப் புதிதாகத் தொகுத்தும் கொடுத்திருக்கிறார்கள். 7 அடி 2 அங்குல கூடைப்பந்து வீரர் கரீம் அப்துல்-ஜப்பார், நிஜத்திலும் லீயின் மாணவர், உதைத்த உதையில் லீயின் மஞ்சள் உடையின் நெஞ்சில் பதிந்த காலடித் தடம் அத்தனை தெளிவு! இந்த ஒன்றுக்கே கொடுத்த காசு தகும்.

ப்ளூ-ரே டிஸ்க்குகளை நாடுவாரியாக ஏ, பி, சி என்று மண்டலம் பிரித்து விற்கிறார்கள்; ஒரு மண்டல டிஸ்க் வேறு மண்டல ப்ளேயரில் ஓடாது. இந்த டிஸ்க்குகள் ஏ மண்டலத்துக்கானவை. மலேசியா, சிங்கப்பூரில் அப்படியே ஓடும். இந்தியா சி மண்டலம், எனவே எல்லா மண்டலமும் ஓடும் ப்ளேயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஆர்டர் போடுங்கள்.