ஏழு மாவட்டத் தேயிலைப் பெட்டி: நாக்குக்கு வித்தியாசம் பிடிபடுமா?

மட்டக்களப்பு நகரக் கடையொன்றில் கிடைக்கும் இந்தப் பெட்டிக்குள் ஏழு பொதிகள்: நுவரெலியா, உடபுசல்லாவை, திம்புள்ள, ஊவா, கண்டி, சப்ரகமுவ, ருகுணை. ஒவ்வொன்றும் 25 கிராம். ஆறு பேர் கூடியிருந்தால் ஒரு பொதி நாலு தரத்துக்குக் காணும். 300 மி.லீ. கொதிநீருக்கு 6 கிராம், மூடி 6 நிமிடம், ஆளுக்கு 50 மி.லீ. சுவை பார்க்கத் தேநீர் ஊற்றும் முறைக்கான சர்வதேசத் தரம் ஐ.எஸ்.ஓ. 3103 சொல்லும் கணக்கும் இதுவே. கரண்டியால் அளக்க வேண்டாம். பெரிய இலை கரண்டி நிறையக் குவியும், எடை இராது.

முதலில் தண்ணீரைக் கவனியுங்கள். கரையோரக் கிணற்றுத் தண்ணியில் ஊற்றினால் ஏழும் ஒன்றுபோலத்தான் இருக்கும். சுண்ணாம்பு கூடிய நீரில் சாயம் மங்கும், மேலே மெல்லிய ஆடை படியும், வாசம் அடங்கிவிடும். உவர் வேறு. போத்தல் தண்ணீர் நல்லது. குழாய்நீரென்றால் முதல்நாளே பிடித்துத் திறந்து வைத்தால் குளோரின் மணம் குறையும்.

ஏழையும் ஒரே இருப்பில் குடித்தால் நாலாவதோடு நாக்கு கயர்த்துப்போகும். நுவரெலியா, ஊவா, கண்டி, ருகுணை போதும், இதே வரிசையில். கோப்பையின் அடியில் இலக்கம் ஒட்டி, பெயரை மறைத்து வையுங்கள். வெற்றிலை போட்ட வாயோடு யாரும் உட்காரக்கூடாது. பால் கலக்காமல், சூடு கொஞ்சம் தணிந்தபின், சத்தம் வர உறிஞ்சுங்கள். மரியாதை பார்த்தால் வாசம் மூக்குக்கு ஏறாது.

நுவரெலியா வெளிறிய பொன்னிறம், பூவாசம். பால்மா போட்டால் காணாமற் போய்விடும். கண்டி நடுத்தரம், செம்புநிறம். ருகுணை கறுத்துத் தடித்த சாயம். நம் வீட்டுப் பால் தேத்தண்ணிக்கு இதுதான் தோது.

குறைகள் இரண்டு. ருகுணைப் பொதியில் ஓ.பி. எனும் முழு இலை, மற்றவற்றில் பி.ஓ.பி. எனும் நொறுங்கிய இலை. நொறுங்கிய இலையில் சாயம் வேகமாக இறங்கும். அதனால் குடிக்கிறவர் ஒப்பிடுவது மாவட்டத்தையா, இலையின் பருமனையா என்ற குழப்பம் வரும். அடுத்தது, பறித்த மாதம் எதிலுமே போடவில்லை. ஊவாவில் யூலை முதல் செப்டெம்பர் வரை அடிக்கும் வறண்ட காற்றில்தான் அந்தக் குளிர்ந்த, தைலம்போன்ற மணம் கூடும். பெட்டியிலுள்ள ஊவாவில் அது இல்லை. அந்த ஒன்றை மட்டும் பருவம் கேட்டுத் தனியாக வாங்கிச் சேர்த்துக்கொள்ளுங்கள்.