பூனைக்குட்டிகளுக்காக வாங்கிய சமையல் தராசு: நான்கு மாதம் எடை போட்ட அனுபவம்

பெயர் தெரியாத கம்பெனியின் எலக்ட்ரானிக் தராசு இது. வெள்ளை பிளாஸ்டிக், நடுவில் வட்டத் தட்டு, கீழே இரண்டு மூன்று பொத்தான்கள், பின்பக்கம் இரண்டு ஏஏ பேட்டரி. பத்து கிலோ வரை தாங்கும், ஒரு கிராம் வித்தியாசம் வரை காட்டும். நான் கொடுத்தது 350 ரூபாய். இதே அச்சில் பத்துப் பதினைந்து பெயர்களில் விற்கிறார்கள், அதனால் அட்டைப்பெட்டியில் இருந்த பெயரை எழுதி யாருக்கும் லாபமில்லை. கேக் செய்பவர்கள் இந்தத் தராசைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். நான் இதில் ஒரு நாள்கூட மாவு நிறுத்ததில்லை. தாயில்லாத மூன்று பூனைக்குட்டிகளை இதை வைத்துத்தான் காப்பாற்றினேன். அதே நிலைமையில் யாராவது தேடிக்கொண்டிருந்தால் உதவட்டும் என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

தராசு எனக்குப் புதிதில்லை. 28 வருடம் தபால் ஆபீஸ் கவுண்டரில் உட்கார்ந்தவள். சாதாரணக் கவர் 20 கிராமுக்குள் இருந்தால் 5 ரூபாய், அதற்கு ஒரு கிராம் கூடினாலும் இன்னொரு 5 ரூபாய். இதைச் சொல்லிச் சொல்லியே வாழ்க்கை போனது. 2025 மே மாதக் கடைசியில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டேன். 20 வருட சர்வீஸ் முடிந்திருந்தால் மூன்று மாதம் முன்னதாக எழுதிக் கொடுத்துவிட்டு வரலாம். எனக்கு இன்னும் ஆறு வருடம் பாக்கி இருந்தது. ஆனால் மாமியார் படுத்த படுக்கையாகிவிட்டார், வேளைக்கு ஒரு ஆள் வைத்தும் சரிவரவில்லை, நானே பார்த்துக்கொள்கிறேன் என்று வந்துவிட்டேன். ஆவணியில் அத்தை போய்விட்டார்கள். மூன்று மாதம்கூட முழுதாகக் கூட இருக்க முடியவில்லை.

அதற்கப்புறம் வந்த இரண்டு மூன்று மாதங்களை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. காலை நாலேமுக்காலுக்கு விழிப்பு வந்துவிடும், எழுந்து உட்கார்ந்தால் செய்வதற்கு ஒன்றும் இருக்காது. ஆறு மணி மருந்து இல்லை, எட்டு மணிக்குக் கஞ்சி இல்லை, பத்து மணிக்குக் கவுண்டரும் இல்லை. பதிவுத் தபாலை ஸ்பீடு போஸ்டோடு சேர்த்துவிட்டார்கள் என்று பேப்பரில் படித்தபோது, ரிஜிஸ்டர் பண்ண வந்து வரிசையில் நின்ற முகங்களெல்லாம் ஞாபகம் வந்து, அன்று முழுக்க எதுவும் ஓடவில்லை. பெண் பெங்களூரில் இருக்கிறாள். "யோகா கிளாஸ் போம்மா, கோலம் கிளாஸ் போம்மா" என்றாள். மனசு எதிலும் ஒட்டவில்லை.

கார்த்திகையில் ஒரு நாள் விடாத மழை. கும்பகோணத்தில் எங்கள் தெருவில் முழங்காலுக்குக் கீழே தண்ணீர். மாடிப்படிக்கு அடியில் பழைய சாக்குகளுக்குப் பின்னாலிருந்து கீச் கீச்சென்று சத்தம், முதலில் அணில் என்று நினைத்தேன். டார்ச் அடித்துப் பார்த்தால் மூன்று குட்டிகள், ஒன்றன்மேல் ஒன்றாக. இரண்டுக்குக் கண் பாதி திறந்திருந்தது, ஒன்றுக்கு இன்னும் ஒட்டியிருந்தது. தாய்ப்பூனை சாம்பல் நிறம், மதில் மேல் அடிக்கடி பார்த்திருக்கிறேன். உடனே தூக்காமல் விட்டேன், அதுதான் சரி, தாய் இரை தேடப் போயிருக்கும், மனிதர் பக்கத்தில் நின்றால் வராது. ஆனால் இரவு போய், விடிந்து, மறுநாள் மத்தியானமும் ஆகிவிட்டது. சத்தம் குறைய ஆரம்பித்தது. தொட்டால் ஈரத்துணி மாதிரி சில்லென்று இருந்தன. என் கணவர்தான், "இனிமே அது வராதும்மா, உள்ளே எடுத்துட்டு வா" என்றார்.

சில்லிட்ட குட்டிக்கு முதலில் சூடு, அப்புறம்தான் பால். இது தெரியாமல் நான் பாலைக் காய்ச்சப் போனேன், நல்லவேளை கால்நடை மருத்துவர் போனிலேயே தடுத்துவிட்டார். வெந்நீர் பாட்டிலைத் துண்டில் சுற்றிப் பக்கத்தில் வைக்கச் சொன்னார். பசும்பால் கொடுக்கக் கூடாது, வயிற்றுக்குச் சேராமல் பேதியாகும், பூனைக்குட்டிக்கென்றே பால் பவுடர் இருக்கிறது. குழந்தைக்கு மாதிரி மல்லாக்கப் படுக்கவைத்துப் பாலாடையில் ஊற்றக் கூடாது, புரையேறி நுரையீரலுக்குப் போய்விடும், குப்புறப் படுத்த நிலையில் தலையை லேசாகத் தூக்கிச் சின்ன பாட்டிலில் கொடுக்க வேண்டும். எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியாகக் கேட்டார்: "ஒவ்வொண்ணும் எத்தனை கிராம் இருக்கு?" 28 வருடம் ஊரார் கவரை நிறுத்தவளிடம் வீட்டில் ஒரு தராசு இல்லை.

ஏன் எடை என்று அவர் சொன்னது இதுதான். பிறந்த பூனைக்குட்டி ஏறக்குறைய 100 கிராம் இருக்கும், அப்புறம் நாளுக்குப் பத்துப் பதினைந்து கிராம் ஏறவேண்டும். ஒரு நாள் ஏறாவிட்டால் கவனிக்கணும், இறங்கினால் அன்றைக்கே தூக்கிக்கொண்டு ஓடணும். குட்டி சோர்ந்து படுப்பது நம் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னாலேயே எடை காட்டிக்கொடுத்துவிடும். எத்தனை மில்லி பால், எவ்வளவு பூச்சி மருந்து என்பதும் எடையை வைத்துத்தான்.

முதலில் ஆன்லைனில் ஒன்று வாங்கினோம். மறுநாளே வந்தது, வந்த மறுநாளே திருப்பி அனுப்பினேன். தட்டின் நடுவில் வைத்தால் ஒரு எடை, ஓரத்தில் வைத்தால் நாலு கிராம் குறைவு. மைதாவுக்கு நாலு கிராம் பரவாயில்லை. ஒரு நாள் வளர்ச்சியே பத்து கிராம் என்னும்போது நாலு கிராம் தப்பு என்றால் அந்தத் தராசு எனக்கு வேண்டாம்.

இரண்டாவதைக் கும்பேஸ்வரர் கோயில் பக்கம் ஒரு பாத்திரக்கடையில் சோதித்துப் பார்த்தே வாங்கினேன். சோதனை சுலபம், நீங்களும் செய்யலாம். பத்து ரூபாய் நாணயம் ஒன்று 7.7 கிராம் சொச்சம். பத்து நாணயங்களை அடுக்கி வைத்தால் 77 காட்ட வேண்டும். நடுவில் வைத்துப் பார்த்தேன், நாலு ஓரத்திலும் வைத்துப் பார்த்தேன், எல்லா இடத்திலும் 77. கடைக்காரப் பையன், "அக்கா, இப்படி யாரும் செக் பண்ணினதில்ல" என்றான். வீட்டுக்கு வந்து பால் பாட்டிலின் அளவுக்கோட்டை வைத்து 100 மில்லி தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன், 101. இது வியாபாரத்துக்கு முத்திரை போட்ட தராசு இல்லை, வீட்டு உபயோகத்துக்கானது, அந்த விலைக்கு இந்தத் துல்லியம் எனக்குத் திருப்தி.

முதல் நாள் எடை: 236, 221, 174. என் கணவர் பெரியதற்குத் தந்தி என்று பெயர் வைத்தார், மூன்று நிறம் கலந்த பெண்குட்டி கவர், சின்னது கார்டு.

குட்டியை அப்படியே தட்டில் விட்டால் நிற்காது. எண் ஓடிக்கொண்டே இருக்கும், 219, 226, 214 என்று. ஒரு எவர்சில்வர் சட்டியில் பழைய பனியன் துணியை விரித்து, தராசில் வைத்து, டேர் பொத்தானை அழுத்திப் பூஜ்யமாக்கிவிட்டுக் குட்டியை உள்ளே வைக்கவேண்டும். துணி இருந்தால் நகம் மாட்டிக்கொண்டு ஒரு நொடி அசையாமல் இருக்கும், அந்த ஒரு நொடியில் படித்துவிட வேண்டும். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள், காற்றுக்கே இரண்டு கிராம் ஆடுகிறது. பாய் மேல், மெத்தை மேல் வைக்காதீர்கள், சமமான தரையோ கடப்பைக் கல்லோ வேண்டும். தினமும் ஒரே நேரத்தில், பால் கொடுப்பதற்கு முன்னால். எனக்கு அது காலை ஐந்து மணி. விழிப்பு வந்தவுடன் எழுந்திருக்க ஒரு வேலை இருந்தது. மூன்று மணிக்கொரு தரம் பால், ஒவ்வொரு தரமும் வெதுவெதுப்பான ஈரப் பஞ்சால் தடவிச் சிறுநீர் போகவைப்பது, பாட்டில் கழுவுவது. ஆபீஸில்கூட நான் இவ்வளவு நேரம் தவறாமல் இருந்ததில்லை.

வீட்டில் மிச்சமிருந்த கோடு போட்ட நீளமான நோட்டு ஒன்றில் மூன்று பத்தி போட்டு எழுதினேன். ஐந்தாம் நாள் பக்கம் இப்போதும் அப்படியே இருக்கிறது. தந்தி 289. கவர் 270. கார்டுக்கு முந்தின நாள் 183, அதற்கும் முந்தின நாள் 183, அன்றைக்கு 176. தராசு தப்போ என்று நாணயங்களை வைத்துப் பார்த்தேன், 77. மறுபடி குட்டியை வைத்தேன், 176. பார்க்க அது நன்றாகத்தான் இருந்தது, கொஞ்சம் பால்கூடக் குடித்தது, தராசு இல்லாவிட்டால் நான் அன்றைக்கு ஒன்றும் கண்டுபிடித்திருக்க மாட்டேன். மழையில் ஆட்டோ பிடித்து, துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு போனோம். மருத்துவர் தோலைக் கிள்ளி விட்டுப் பார்த்தார், கிள்ளின மடிப்பு அப்படியே நின்றது. உடம்பில் நீர் வற்றியிருக்கிறது, நாளைக்கு வந்திருந்தால் கஷ்டம் என்றார். தோலுக்கடியில் ஊசியால் திரவம் ஏற்றினார். என் நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "இப்படி எழுதிக்கிட்டு வந்தா எங்களுக்குப் பாதி வேலை முடிஞ்சுதும்மா" என்றார்.

அன்று இரவு இரண்டு மணிக்கு எடை போட்டபோது 181. ஏற்றின திரவத்தின் எடை அதில் இருக்கும் என்று எனக்கும் தெரியும். இருந்தாலும் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு அடுப்படித் தரையிலேயே உட்கார்ந்து அழுதேன். அத்தைக்கு இப்படிப் பார்த்துப் பார்த்துச் செய்ய எனக்கு நாள் கிடைக்கவில்லையே என்றும் இருந்தது. எட்டாம் நாள் 190, பத்தாம் நாள் 207.

சரி, தராசின் குறைகள். கூட வந்த பேட்டரி பத்து நாளில் தீர்ந்துவிட்டது, பேட்டரி இறங்கும்போது எடை தாறுமாறாக ஆடும், அதனால் வாங்கும்போதே நல்ல பேட்டரி ஒரு ஜோடி வாங்கிவிடுங்கள். எண்ணை நிறுத்திவைக்கும் ஹோல்டு வசதி இல்லை, இருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். பெரிய குறை, ஒன்றிரண்டு நிமிஷத்தில் தானாக அணைந்துவிடுகிறது, மறுபடி போட்டால் டேர் கணக்கு போய்விடும். குட்டியை எடுத்து, சட்டியை மறுபடி வைத்து, மறுபடி பூஜ்யமாக்கி என்று மூன்று குட்டிக்கு மூன்று தரம் செய்வதற்குள் அவை கத்தி ஊரைக் கூட்டிவிடும். நான் சட்டி, துணி இரண்டையும் சேர்த்து நிறுத்து, 212 என்று சட்டியின் அடியில் பெயிண்டில் எழுதிவிட்டேன், டேரை நம்பாமல் கழித்துக்கொள்வது. இன்னொன்று, பொத்தான்களுக்குள் ஈரம் இறங்கும். கவர் ஒரு நாள் சட்டிக்கு வெளியே தாவி தராசின் மேலேயே சிறுநீர் போய்விட்டாள், அளவு மாற்றும் பொத்தான் அன்றோடு வேலை செய்யவில்லை. அது கிராமில் நின்றுவிட்டதால் பிழைத்தேன். அப்புறம் முழுத் தராசையும் கழுவின பால் கவருக்குள் போட்டு வைத்தேன், அதன் மேலேயே எண் நன்றாகத் தெரிகிறது. முதல் நாளே இதைச் செய்திருக்க வேண்டும்.

மனிதர்கள் ஏறி நிற்கும் எடை மிஷின் போதாதா என்று எதிர்வீட்டில் கேட்டார்கள். போதாது, அது 100 கிராம் கணக்கில்தான் காட்டும், நம் குட்டியே இரண்டு நூறுதான். ஸ்பிரிங் தராசில் பையில் போட்டுத் தொங்கவிடுவதும் வேண்டாம், குட்டி பயந்துவிடும். பச்சைக் குழந்தைகளுக்கான எலக்ட்ரானிக் தராசு நன்றாக இருக்கும், விலை பல மடங்கு. குட்டிக்கு ஒன்றரை இரண்டு மாதம் ஆகும்வரைதான் கிராம் கணக்கு முக்கியம், அதற்கு இது தாராளம். தாயோடு இருக்கும் குட்டிகளுக்குத் தினமும் எடை போடத் தேவையில்லை, தொந்தரவுதான்.

இப்போது பங்குனி. இரண்டு மாதத்தில் முதல் தடுப்பூசி, மூன்று மாதத்தில் ரேபிஸ் ஊசி எல்லாம் ஆகிவிட்டது. தினசரி எடை நின்று ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்றாகிவிட்டது. இரண்டு கிலோ வந்ததும் கருத்தடை ஆபரேஷனுக்குக் கூட்டி வரச் சொல்லியிருக்கிறார் மருத்துவர். தந்தி போன வாரமே 2,040, அவனுக்கு வரும் வியாழக்கிழமை தேதி கொடுத்திருக்கிறார்கள். கவர் 1,890. கார்டு இன்று காலை 1,655. சட்டிக்குள் அவள் உடம்பு கொள்ளவில்லை, முன்காலும் தலையும் வெளியே தொங்க உட்கார்ந்திருக்கிறாள், அப்படியும் எடை போடும் நேரம் வந்தால் கூப்பிடாமலேயே வந்து ஏறிக்கொள்கிறாள்.