வேலூரில் மெமரி கார்டு வாங்கப் போகிறவர்கள் ஒரு நிமிடம் நில்லுங்கள்: என் 5,000 ரூபாய் போன கதை

ஐயாயிரம் ரூபாய். பத்து மெமரி கார்டுக்கு 4,200, கார்டில் கோளாறே இல்லை என்று சொல்வதற்கு சர்வீஸ் சார்ஜ் 800. ஆக மொத்தம் 5,000 ரூபாயை வேலூரில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் உதிரிபாகக் கடையில் கொட்டிவிட்டு வந்திருக்கிறேன். கடைப் பெயரைப் போடவில்லை. போட்டால் நாளைக்கே பதிவைத் தூக்கச் சொல்லிப் போன் வரும். சென்சார், ரிலே, ஆர்டுயினோ எல்லாம் விற்கும், காலேஜ் பசங்க புராஜெக்ட்டுக்குப் படையெடுக்கும் கடை வகை. அவ்வளவு போதும். எப்படி ஏமாறாமல் தப்பிப்பது என்று கடைசியில் விரிவாக எழுதுகிறேன்.

குடியாத்தம் தாண்டி பரதராமி பக்கம் பெரியப்பாவுக்கு மாந்தோப்பு. காய் பெருக்கும் நேரத்தில் தினமும் கிளை கிளையாகக் காலியாகிக்கொண்டிருந்தது. குத்தகைக்காரர் குரங்கு என்கிறார், பெரியப்பா ஆள் என்கிறார். இரண்டு பேரும் பேச்சுவார்த்தையை நிறுத்தும் நிலைமை. சரி, கேமரா வைத்துப் பார்த்துவிடலாம் என்று ஈஎஸ்பி32-கேம் போர்டு (கேமராவும் மெமரி கார்டு செருகும் இடமும் உள்ள சின்ன சர்க்யூட் போர்டு) நான்கு எடுத்து, மோட்டார் கொட்டகையிலிருந்து கரண்ட் இழுத்து, மரத்தில் கட்டினேன். காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரை ஐந்து நொடிக்கு ஒரு படம். ஒரு நாளைக்கு 8,640 படங்கள். படம் சுமார் 100 கேபி என்றால் நாளுக்கு ஒரு ஜிபிக்குக் கொஞ்சம் குறைவு. 32 ஜிபி கார்டு போட்டால் ஒரு மாதம் தாங்கும். ஒரு கேமராவுக்கு இரண்டு கார்டு, மாற்றி மாற்றிப் போட. மேலே இரண்டு கையிருப்பு. அதனால்தான் பத்து.

கடைக்காரரிடம் போர்டைக் கையில் வைத்துக்கொண்டுதான் கேட்டேன். இதை முக்கியமாகச் சொல்கிறேன், பின்னால் வரும்.

"அண்ணே, இந்த போர்டுக்கு 32 ஜிபி கார்டு வேணும். ஒரிஜினலா இருக்கணும்."

"இன்னா தம்பி இப்படிக் கேட்டுட்ட? நம்ம கடையில டூப்ளிகேட்டுக்கு வேலையே கிடையாது. நேரா டீலர்கிட்ட எடுக்கறோம்."

அதோடு விடவில்லை. டீ சொன்னார். ஒரு பாக்கெட்டைப் பிரித்து, கார்டைத் தன் லேப்டாப்பில் செருகி, திரையை என் பக்கம் திருப்பினார். 29.7 ஜிபி என்று காட்டியது. "பாரு, போலின்னா 32-ன்னு ரவுண்டா காட்டும். ஒரிஜினல்னாதான் இப்படிக் குறைச்சு காட்டும்" என்றார். 29.7 சரியான எண்தான். கம்பெனிக்காரன் ஆயிரம் ஆயிரமாக எண்ணுவான், கம்ப்யூட்டர் 1,024-ஆல் வகுக்கும், அதனால் 32 குறைந்து தெரியும். அவர் சொன்ன காரணம்தான் சுத்தப் பொய். கார்டுக்குள் இருக்கும் கன்ட்ரோலர் சிப்பில் என்ன அளவு எழுதி வைக்கிறார்களோ அதைத்தான் கம்ப்யூட்டர் காட்டும். உள்ளே 8 ஜிபி மெமரி வைத்துவிட்டு 29.7 என்று சொல்ல வைப்பது அவர்களுக்கு ஒரு வேலையே இல்லை. ஆனால் டீ கையில் இருக்கிறது, திரை கண்முன்னே இருக்கிறது, மனுஷன் தம்பி தம்பி என்கிறார். ஜிபேயில் 4,200 அனுப்பினேன். பில் கேட்டதற்கு ஒரு எஸ்டிமேட் சீட்டு. ஒரு கார்டு 420 ரூபாய். விலையிலேயே சொல்லிவிட்டார் பாருங்கள்.

முதல் வாரத்துப் படங்கள் பளிச்சென்று இருந்தன. இலை அசைவது வரை தெரிகிறது. அதற்கப்புறம் ஒரு நாளின் படங்கள் பாதிக்குக் கீழே சாம்பல் நிறம். அடுத்த நாட்களின் ஃபோல்டர்களுக்குப் பெயர் இருக்கிறது, திறந்தால் காலி. சிலவற்றில் புரியாத எழுத்தில் குப்பைப் பெயர்கள். போர்டு பக்கம் ஒரு எரர் கூட இல்லை, சேவ் ஆனது, சேவ் ஆனது என்றே சீரியல் மானிட்டரில் (போர்டு அனுப்பும் செய்திகளைக் கம்ப்யூட்டரில் காட்டும் திரை) வந்துகொண்டிருந்தது. தோப்பின் மேற்கு வரிசை காலியானது அந்தக் காலி ஃபோல்டர் நாட்களில்தான். குரங்கா ஆளா என்பது இன்று வரை தெரியாது.

கடைக்குப் போனேன். அங்கே தொடங்கியது நாடகம். கார்டை வாங்கிப் பார்த்தவுடன் "இதுல இன்னா குறை? ஃபார்மட் பண்ணா சரியாயிடும்" என்று சொல்லிக்கொண்டே, நான் வாய் திறப்பதற்குள் ஃபார்மட் அடித்துவிட்டார். மிச்சமிருந்த நல்ல படங்களும் போச்சு. அடுத்து போர்டு மேல் பழி. சர்வீஸ் பார்க்கும் பையனிடம் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார்கள். திரும்பப் போனால் "ஃப்ளாஷ் லைட் மின்னிக்கிட்டே இருக்கு, ஷார்ட் இருந்துச்சு, சரி பண்ணிட்டோம், 800 ரூபா" என்கிறான். இந்தப் போர்டைத் தொட்டுப் பார்த்த யாருக்கும் இது தெரியும்: கார்டுக்கும் ஃப்ளாஷ் எல்இடிக்கும் ஜிபிஐஓ 4 என்ற ஒரே பின் (சிப்பின் இணைப்புக் கால்). நான்கு கம்பியில் டேட்டா போகும் 4-பிட் மோடில் கார்டில் எழுதும்போதெல்லாம் லைட் மினுக்கத்தான் செய்யும். ஒரே கம்பியில் போகும் 1-பிட் மோடில் ஓட்டினால் நிற்கும். நான் எழுதிய புரோகிராம் 1-பிட் மோடு. அவன் ஏதோ சாம்பிள் புரோகிராமைப் போட்டுப் பார்த்துவிட்டு ஷார்ட் என்கிறான்! காசைக் கொடுத்தால்தான் போர்டு கைக்கு வரும் என்றதால் கொடுத்தேன். மொத்தம் 5,000.

வீட்டுக்கு வந்து ஒழுங்காக உட்கார்ந்து பார்த்தேன். மின்சாரம் போதவில்லையோ என்று 5 வோல்ட் 2 ஆம்பியர் அடாப்டரும் குட்டையான கேபிளும் போட்டேன். கரண்ட் தொய்ந்தால் இந்தப் போர்டு பிரவுன்அவுட் என்று சொல்லி ரீஸ்டார்ட் ஆகும், அப்படி ஒன்றும் ஆகவில்லை. அதே போர்டு, அதே புரோகிராம், பழைய போனில் கிடந்த கார்டைக் கழற்றிப் போட்டேன். கார்டு நிரம்பும் வரை ஒரு படம் கூடக் கெடவில்லை. அப்போதே விஷயம் தெளிவாகிவிட்டது. பிறகு லினக்ஸில் எஃப்3 என்ற இலவச மென்பொருள். கார்டு முழுக்க எழுதி, எழுதியது அப்படியே இருக்கிறதா என்று திரும்பப் படித்துப் பார்க்கும். ஒரு கார்டுக்கு மணிக்கணக்கில் ஓடும். நல்ல டேட்டா 7.3 ஜிபி, தொலைந்தது 22 ஜிபிக்கு மேல் என்று வந்தது. பத்து கார்டும் அதே லட்சணம். ஒன்று கூடத் தப்பவில்லை.

ரிசல்ட்டை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் விழவில்லை. போன் செய்தால் "ஓனர் வெளிய போயிருக்காரு". நேரில் போனால் ஓனர் கல்லாவிலேயே உட்கார்ந்திருக்கிறார். "சீல் பிரிச்ச கார்டை எப்படித் தம்பி எடுக்கறது?" சீலைப் பிரித்து எனக்குக் காட்டியதே அவர்தானே! அப்புறம், "மெமரி கார்டுக்கு கேரண்டி கிடையாது". அப்புறம், "வேலூர் வெயிலுக்கு மனுஷனே தாங்கல, கார்டு எப்படித் தாங்கும்?" மெமரி கார்டுகளின் வேலை வெப்பநிலை 85 டிகிரி வரை என்று அந்தத் தரநிலையிலேயே இருக்கிறது. நம் ஊர் மே மாதம் எவ்வளவு கொளுத்தினாலும் அதில் பாதியை ஒட்டித்தான் வரும். கடைசி அஸ்திரம் இது: "இந்த போர்டுக்கு 4 ஜிபிதான் சப்போர்ட்டு, நீ 32 போட்டா எப்படி?" போர்டு தயாரிப்பாளர் 4 ஜிபி என்று போட்டிருப்பது உண்மைதான். ஆனால் எஃப்ஏடி32 என்ற ஃபைல் அமைப்பில் ஃபார்மட் செய்த நல்ல 32 ஜிபி கார்டு இதில் ஓடும், ஊரெல்லாம் ஓட்டுகிறார்கள். போர்டை நீட்டிக் கேட்டபோது இந்த 4 ஜிபி ஞானம் எங்கே போயிருந்தது? அப்போது வந்ததெல்லாம் டீதான். பின்னால் நின்ற காலேஜ் பையன் இரண்டு பேர் அதே பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். அவர்களிடம் சொல்ல ஆரம்பித்ததும் "தம்பி, வியாபார நேரம், கிளம்பு" என்று வாசலைக் காட்டினார்.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். அது நகரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். ஐந்து லட்சம் வரையான வழக்குக்கு அங்கே கட்டணமும் இல்லை. கையில் பில் இல்லையே என்றால் ஜிபே ரசீது இருக்கிறது, வாட்ஸ்அப் இருக்கிறது, பத்துக் கார்டும் இருக்கிறது.

விரிவாக எழுதுகிறேன் என்று சொன்னேன், இப்போது இருக்கிற கோபத்தில் அவ்வளவு வராது. மொத்தமாக வாங்காதீர்கள். ஒன்று வாங்கி, லினக்ஸ் என்றால் எஃப்3, விண்டோஸ் என்றால் எச்2டெஸ்ட்டபிள்யூ, முழுசாக ஓட்டிப் பார்த்துவிட்டு மிச்சத்தை வாங்குங்கள். கடையில் லேப்டாப்பில் காட்டும் அளவை நம்பாதீர்கள். 64 ஜிபி தள்ளிவிடப் பார்த்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள், அது எக்ஸ்ஃபேட் என்ற வேறு ஃபைல் அமைப்பில் வரும், இந்தப் போர்டு அப்படியே படிக்காது. ஜிஎஸ்டி பில் இல்லாமல் காசு கொடுக்காதீர்கள். எந்தக் கடையில் கொடுத்தாலும் கார்டைக் கழற்றிக்கொண்டு போர்டை மட்டும் கொடுங்கள், ஃபார்மட் பொத்தானுக்கு அவர்கள் கை அரித்துக்கொண்டே இருக்கும். 5,000 ரூபாய் திரும்ப வந்தால் இங்கேயே சொல்கிறேன்.