தொடக்கநிலைக் குத்துச்சண்டைத் தொகுப்பு: பை தேறியது, கையுறை தேறவில்லை

குத்துச்சண்டை பழகத் தொடங்குவோருக்கென விற்கப்படும் இத்தொகுப்பில் நான்கடி நீளத் தொங்கு பை, சங்கிலி, 10 அவுன்ஸ் கையுறை, கையுறைக்குள் கையில் சுற்றிக்கொள்ளும் கைப்பட்டை ஆகியவை உள்ளன. விலைக்கு ஏற்ற தரம் பையில் மட்டுமே தெரிகிறது.

குத்தின் வலிமை புஜத்தில் பிறப்பதில்லை. பின்கால் பாதம் தரையில் திரும்ப, இடுப்பும் தோளும் அதைத் தொடர்ந்து சுழன்று, இறுதிக் கணத்தில் மட்டும் முஷ்டி இறுகும்போதுதான் உடல் எடை முழுவதும் குத்தில் இறங்குகிறது. இதைப் பயிற்சியாளர் இல்லாத வேளையிலும் இந்தப் பை ஓரளவு காட்டிக்கொடுக்கிறது: கையால் வெறுமனே தள்ளினால் பை ஊஞ்சலைப் போல நெடுந்தூரம் ஆடுகிறது; சரியாகக் குத்தி உடனே கையை மீட்டால், இருந்த இடத்திலேயே மடிந்து அதிர, சங்கிலி மட்டும் சட்டென ஒலிக்கிறது. எடை குறைந்த பைகளில் இந்த வேறுபாடு புலப்படாது.

உள்ளே நிரப்பியுள்ள துணி மெல்ல அடியில் இறங்கி இறுகுவதால், அவ்வப்போது பையைத் தலைகீழாக்கித் தட்டிவிட வேண்டியிருக்கிறது. பெரும்பாலான துணிப் பைகளுக்கு உள்ள குணம்தான் இது என்பதால் பெரிய குறையாகச் சொல்வதற்கில்லை.

கையுறையை மன்னிக்க முடியவில்லை. மணிக்கட்டுப் பட்டை தளர்வாக இருப்பதால், ஹூக் குத்தின்போது (முழங்கையை மடித்துப் பக்கவாட்டில் வீசும் குத்து) மணிக்கட்டு உள்நோக்கி மடிகிறது. புதியவருக்கு எளிதில் காயம் வரக்கூடிய இடம் இது. கைப்பட்டையும் நீளம் போதாமல், விரலிடைகளைச் சுற்றுவதற்குள் தீர்ந்துவிடுகிறது. பையைத் தனியாக வாங்க முடிந்தால் அதையே வாங்கிக்கொண்டு, 14 அவுன்ஸ் கையுறையும் 180 அங்குலக் கைப்பட்டையும் வேறு கடையில் பார்ப்பது நல்லது.