கோடிகளில் வாங்கப்பட்ட இளம் வீரர்களும் பேஸ்பால் ரெஃபரன்ஸ் தளமும்

பள்ளியிலிருந்தோ கல்லூரியிலிருந்தோ நேரடியாக வந்த ஓர் இளைஞருக்கு அமெரிக்க பேஸ்பால் அணி அள்ளிக் கொடுத்த பணம் பலன் தந்ததா என்று பார்க்க விரும்புவோருக்கு, பேஸ்பால் புள்ளிவிவரங்களைத் தொகுத்துத் தரும் பேஸ்பால் ரெஃபரன்ஸ் தளத்தின் டிராஃப்ட் பக்கங்களையே நான் முதலில் பரிந்துரைப்பேன். அணிகள் ஆண்டுதோறும் முறைவைத்துப் புதிய இளம் வீரர்களைத் தேர்ந்தெடுப்பதே டிராஃப்ட். 1965-இல் தொடங்கிய டிராஃப்டின் ஒவ்வோர் ஆண்டுக்கும் அங்கே ஒரு பட்டியல் இருக்கிறது. வீரரின் பெயர், எடுத்த அணி, தெரியவந்த வரையில் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டதற்காக அவருக்குக் கிடைத்த போனஸ், பிற்காலத்தில் அவர் ஆடிய ஆட்டத்தின் கணக்கு எல்லாம் ஒரே வரிசையில் வருவதால், விலையையும் விளைவையும் அருகருகே வைத்துப் பார்க்க முடிகிறது. இதற்குக் கட்டணம் எதுவும் இல்லை.

1991-ஆம் ஆண்டுப் பட்டியலின் முதல் பெயர் பிரையன் டெய்லர். வட கரோலினாவைச் சேர்ந்த இந்த இடக்கைப் பிட்சருக்கு (பந்து வீசுபவருக்கு) நியூயார்க் யாங்கீஸ் அணி 15.5 லட்சம் டாலர் கொடுத்தது. டிராஃப்டில் அதுவரை எவரும் பெறாத தொகை அது. 1993 டிசம்பரில் நடந்த ஒரு கைகலப்பில் அவருடைய தோள்பட்டை சிதைந்தது; உச்ச நிலைப் போட்டியான மேஜர் லீகில் ஒரு பந்துகூட வீசாமலேயே அவருடைய ஆட்ட வாழ்க்கை முடிந்துபோனது. பட்டியலில் நாம் காண்பது வெற்றுக் கட்டங்களை மட்டுமே. காரணத்தைத் தேடி வேறு இடத்துக்குத்தான் போக வேண்டும்.

நான் அதிகம் பார்ப்பது 2009-ஆம் ஆண்டின் பக்கத்தை. முதலிடத்தில் பிட்சர் ஸ்டீஃபன் ஸ்ட்ராஸ்பர்க். வாஷிங்டன் நேஷனல்ஸ் அவருடன் செய்த ஒப்பந்தத்தின் மொத்த மதிப்பு 1.51 கோடி டாலர். அதே பட்டியலில் 25-ஆம் இடத்தில், ஏறத்தாழ 12 லட்சம் டாலர் போனஸுடன், மைக் ட்ரவுட் இருக்கிறார். எளிதில் கிடைக்கும் ஒரு மாற்று ஆட்டக்காரரைவிட இவர் எத்தனை வெற்றிகளைக் கூடுதலாகத் தந்தார் என்று மதிப்பிடும் 'வார்' அளவில் ஸ்ட்ராஸ்பர்க் 30-ஐச் சற்றே தாண்டுகிறார், ட்ரவுட்டோ 80-ஐயும் கடந்து நிற்கிறார். இந்த ஒற்றை எண்ணை மட்டும் பார்ப்பவர், நேஷனல்ஸ் ஏமாந்துவிட்டது என்றே முடிவு கட்டுவார்.

அந்த முடிவை நான் ஏற்கவில்லை. வார் வழக்கமான பருவ ஆட்டங்களை மட்டுமே கணக்கில் எடுத்துக்கொள்கிறது. ஸ்ட்ராஸ்பர்க் தம் விலைக்கு நியாயம் செய்ததோ 2019 அக்டோபரில். ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸுக்கு எதிராக, பட்டத்தைத் தீர்மானிக்கும் உலகத் தொடரில் இரண்டாவது, ஆறாவது ஆட்டங்களை வென்று, தொடரின் சிறந்த வீரர் விருதையும் பெற்று, நேஷனல்ஸின் முதல் பட்டத்துக்கு வழி வகுத்தவர் அவர். அவருடைய தனிப் பக்கத்துக்குப் போய், வழக்கமான பருவத்துக்குப் பிந்தைய ஆட்டங்களின் அட்டவணை வரை கீழே இறங்கிப் பார்ப்பவருக்கே அது தெரியும். அதே பக்கம் மறுபுறத்தையும் மறைக்காமல் காட்டுகிறது: அந்த வெற்றிக்குப் பிறகு 24.5 கோடி டாலருக்கு ஏழு ஆண்டு ஒப்பந்தம் பெற்றவர், காயங்களால் எட்டு ஆட்டங்களோடு நின்றுவிட்டார். என் கணிப்பில், வீணானது இந்த இரண்டாம் ஒப்பந்தம். இளைஞராக இருந்தபோது கொடுத்த தொகை அன்று.

2013-ஆம் ஆண்டில் ஆஸ்ட்ரோஸ் முதலாவதாக எடுத்த மார்க் அப்பெல் 63.5 லட்சம் டாலர் பெற்றும், 2022-இல்தான், அதுவும் ஃபிலடெல்ஃபியா ஃபிலீஸ் அணிக்காக, மேஜர் லீகில் காலடி வைத்தார். அடுத்த இடத்தில் சிகாகோ கப்ஸ் எடுத்த கிரிஸ் பிரையன்ட் 2016-இல் லீகின் சிறந்த வீரர் விருதையும் உலகத் தொடரையும் வென்றார்.

ஒரு பெரிய குறை உண்டு. டிராஃப்ட் பட்டியல் அமெரிக்கா, கனடா, போர்ட்டோ ரிக்கோ வீரர்களுக்கு மட்டுமே உரியது என்பதால், 2015-இல் பாஸ்டன் ரெட் சாக்ஸ் 3.15 கோடி டாலர் கொடுத்து எடுத்த கியூபா இளைஞர் யோவான் மொன்காடா போன்றோர் அதில் இடம்பெறுவதில்லை. அவர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லித் தேட வேண்டியிருக்கிறது. மொன்காடா பாஸ்டனுக்காக ஆடியது மிகச் சில ஆட்டங்களே. ஆனால் அவரை முதன்மையாக வைத்துச் செய்த பரிமாற்றத்தில்தான் பிட்சர் கிறிஸ் சேல் வந்தார், 2018-இல் பட்டமும் வந்தது. இத்தகைய மறைமுகப் பலனை எந்த நெடுவரிசையும் காட்டாது.

ஓர் ஆண்டின் பட்டியலைப் படித்து மதிப்பிட இலவசப் பக்கங்களே போதும். பல ஆண்டுகளின் வீரர்களைச் சலித்து ஒப்பிட நினைப்பவர்கள் மட்டும் அதே நிறுவனத்தின் கட்டணச் சேவையான ஸ்டாட்ஹெட்டைப் பார்க்கலாம்.