சிஸ்டோமெட்ரி செட்: ரிப்பேர் முடிந்து வந்த கையோடு எழுதுகிறேன்

எலியின் மூத்திரப்பை அழுத்தத்தை அளக்கிற எங்கள் செட் ரிப்பேர் முடிந்து திரும்பி வந்துவிட்டது. சிரிஞ்ச் பம்ப், அழுத்தத்தை மின் சிக்னலாக மாற்றும் டிரான்ஸ்டியூசர், ஆம்ப்ளிஃபயர், சாஃப்ட்வேர் என்று எல்லா ஆய்வகத்திலும் இருக்கிற அதே வகைதான், அதனால் அதன் விவரங்களுக்குள் போகவில்லை. பாளையங்கோட்டையில் ஒரு பார்மசி கல்லூரி ஆய்வகத்தில் சில வருடங்களாக இதோடுதான் என் வேலை.

என் கோபமெல்லாம் ஒரே விஷயத்தில்தான். ஜீரோ, அதாவது அழுத்தமே இல்லாதபோது கோடு இருக்க வேண்டிய இடம், நிற்காது. காலையில் செட் செய்துவிட்டு எலியை மயக்கி, வயிற்றைத் திறந்து, பையின் உச்சியில் பி.இ. 50 என்ற மெல்லிய பிளாஸ்டிக் டியூபை வைத்துத் தைத்து, சலைன் ஓடத் தொடங்கும்போது பார்த்தால் அடிக்கோடு மேலே போயிருக்கும், நாலு சென்டிமீட்டர் தண்ணீர் அழுத்தம் அளவுக்கு. மறுபடி ஜீரோ செய்தால் இன்னும் கொஞ்ச நேரத்தில் கீழே.

இதைக் கேட்டு 'நாலு சென்டிமீட்டர்தானே' என்பவர்கள் உண்டு. ஐ.சி.யூ.வில் ரத்த அழுத்தத்துக்கு மாட்டுகிற அதே வகை டிரான்ஸ்டியூசர்தான் இதிலும். மைனஸ் 50 முதல் 300 மி.மீ. பாதரசம் வரை அளக்கும்படி செய்தது. நோயாளிக்கு 120-க்குப் பதில் 123 காட்டினால் யாரும் பதறமாட்டார்கள். ஆனால் அந்த 3 மி.மீ. பாதரசம் என்பது 4 செ.மீ. தண்ணீர். எலியின் பை நிரம்பும்போது அழுத்தமே பெரும்பாலும் 10 செ.மீ. தண்ணீருக்குள் அடங்கிவிடும். எந்த அழுத்தத்தில் கழிக்கத் தொடங்கியது என்று கேட்டால் பதில் அந்தச் சின்ன இடைவெளிக்குள்தான் இருக்கிறது. அதில் நாலு போய்விட்டால் மிச்சம் என்ன?

விற்ற கம்பெனியின் இன்ஜினியர் முதலில் உங்கள் ஊர் கரண்ட் சரியில்லை என்றார். ஸ்டெபிலைசர் போட்டோம். அப்புறம் அறையின் சூடு என்றார். சூடு மாறினால் டிரான்ஸ்டியூசர் நகரும் என்பது உண்மைதான், சித்திரை வெயிலில் திருநெல்வேலியில் உட்கார்ந்துகொண்டு அதை நான் மறுக்க முடியாது. ஆனால் குற்றாலத்தில் சாரல் விழுந்து, காற்று குளிர்ந்து வீசுகிற ஆனி மாதத்திலும் இது நகர்ந்ததே. கடைசியில் ஆம்ப்ளிஃபயரையே மாற்ற வேண்டும் என்று ஒரு கொட்டேஷன் வந்தது.

நாங்கள் வண்ணார்பேட்டையில் எலக்ட்ரானிக்ஸ் பழுது பார்க்கும் அண்ணாச்சி ஒருவரிடம் கொண்டுபோனோம். கனெக்டரைக் கழற்றிப் பார்த்தவர், "என்னம்மா, உள்ள உப்பு பூத்துக் கெடக்கு?" என்றார். விஷயம் அவ்வளவுதான். சலைன் போகும் வழியை மாற்றுகிற த்ரீ-வே திருகுக்கு நேர் கீழே கனெக்டர் வரும்படி இந்த ஸ்டாண்டை வடிவமைத்திருக்கிறார்கள். திருகைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் சொட்டுகிற சலைன் அங்கேதான் இறங்கும். உப்பு ஈரத்தை இழுத்து, பின்களுக்கு நடுவே மின்சாரம் கசிந்து, ஜீரோ அலைந்திருக்கிறது. சுத்தம் செய்து, பின்களை மாற்றி, கனெக்டரைப் பக்கவாட்டில் தள்ளி வைத்துக் கொடுத்தார். இப்போது கோடு நிற்கிறது.

இதற்கு ஏன் இவ்வளவு கோபம் என்றால், இங்கே வீணாவது பேப்பரோ சலைனோ இல்லை. ஐசோஃப்ளூரேன் மயக்கம் மூத்திரம் கழிக்கும் அனிச்சைச் செயலை அமுக்கிவிடும் என்பதால் யூரித்தேன் என்ற வேறு மயக்க மருந்தைக் கொடுக்கிறோம். அதில் அந்தச் செயல் பெரிதும் தப்பிப் பிழைக்கும். ஆனால் யூரித்தேன் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது, அது கொடுத்த எலியை மறுபடி எழுப்புவதில்லை. பதிவு கெட்டால் அந்த உயிர் சும்மா போயிற்று. எத்தனை எலி, எதற்காக என்று நெறிமுறைக் குழுவுக்கு எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கியவள் நான். உப்பு பூத்த ஒரு கனெக்டருக்காக அந்தக் கணக்கில் இன்னும் இரண்டு சேர்த்துக் கேட்பது எனக்கு ஆறவே இல்லை.

சரி, நியாயமும் சொல்ல வேண்டும். பம்ப் ஒரு நாளும் என்னைக் கைவிட்டதில்லை. அப்புறம், இந்த செட்டில் மட்டும் நான் பார்த்த ஒன்று இருக்கிறது. பை சுருங்கி அழுத்தம் உச்சிக்குப் போனதும், கோட்டின் மேல் ரம்பப் பல் மாதிரி ஒரு துடிப்பு வரும். நொடிக்கு 4 முதல் 8 வரை. யூரித்ராவை, அதாவது மூத்திரம் வெளியேறும் குழாயைச் சுற்றியிருக்கிற வெளிச் சுருக்குத் தசை படபடவென்று திறந்து மூடுவதன் அடையாளம் அது. எலி அப்படித்தான் மூத்திரத்தைப் பீச்சிப் பீச்சிக் கழிக்கும். மனிதருக்கு அது கிடையாது, கழிக்கும் நேரம் முழுக்க நமக்கு அந்தத் தசை தளர்ந்தே இருக்கும். சாஃப்ட்வேரில் தானாகப் போட்டிருந்த, நொடிக்கு ஒன்றுக்கு மேல் வேகமான துடிப்பை மறைத்துவிடும் 1 ஹெர்ட்ஸ் வடிகட்டியை எடுத்த அன்றைக்குத்தான் இது எனக்குத் தெரிந்தது. அன்று மதியச் சாப்பாட்டை மறந்து அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பையும் வாசலும் ஒன்றோடு ஒன்று பேசுவதைக் கண்ணால் பார்க்கிற சந்தோஷம் அது. இன்னொரு உபயோகமும் உண்டு. டியூபில் காற்றுக் குமிழி இருந்தால் முதலில் மழுங்குவது இந்தப் பற்கள்தான். உச்சி சரியாக இருப்பது போலத் தெரியும், பல்லைக் காணோம் என்றால் குமிழியைத் தேடுவேன்.

தூத்துக்குடியில் இருக்கும் என் ஜூனியர், "அக்கா, இந்த செட் இப்ப விலை குறைஞ்சிருக்கே, வாங்கிரலாமா?" என்று கேட்கிறாள். நெருஞ்சில் சாறு கொடுத்தால் எலி எத்தனை முறை, எவ்வளவு கழிக்கிறது என்பதுதான் அவளுடைய கேள்வி. அதற்கு ஃபில்டர் பேப்பர் போதும் தாயி. கூண்டின் கம்பி வலைக்கு அடியில் விரித்து, சில மணி நேரம் விட்டு, புற ஊதா விளக்கில் பார்த்தால் மூத்திரம் பட்ட இடம் ஒளிரும். தெரிந்த அளவு மூத்திரத்தை முதலில் சொட்டவிட்டு ஒரு அளவுக்கோடு போட்டுக்கொண்டால் பரப்பை வைத்தே கன அளவு கிடைக்கும். ஒரு சொட்டின் மேல் இன்னொன்று விழுந்தால் பிரிப்பது கஷ்டம், அது ஒரு குறைதான். ஆனால் அறுவை இல்லை, மயக்க மருந்து இல்லை, அதே எலியை அடுத்த வாரமும் பார்க்கலாம்.

யூரித்ரா வலுவைப் பார்க்க வேண்டுமானால் பேப்பர் உதவாது. பை பாதி நிரம்பியிருக்கும்போது வயிற்றை மெல்ல அழுத்தி, முதல் சொட்டு கசியும் நேரத்து அழுத்தத்தைக் குறிக்க வேண்டும். கசிவு அழுத்தம் என்கிறோமே, அது. பிரசவத்துக்குப் பிறகு இருமினால் சொட்டுகிறது என்பதை வீட்டில்கூடச் சொல்லாமல் வைத்திருக்கும் பெண்கள் எங்கள் பக்கத்தில் நிறைய இருக்கிறார்கள். அந்த வேலைக்கு நல்ல கருவி கட்டாயம் வேண்டும். அங்கேயும் ஜீரோ அலைந்தால் எல்லாம் போச்சு.

இந்த செட்டில் நான் பார்த்ததை வேறு எதிலும் பார்த்ததில்லை. இருந்தாலும் இந்த மாடலை இப்போது வாங்காதே என்றுதான் சொல்வேன். விலை இன்னும் குறைந்தாலும் சரி. கனெக்டரை இடம் மாற்றி அடுத்த மாடல் வந்தால் பார்க்கலாம்.

அதற்குள் யாராவது டெமோ காட்ட வந்தால், டிரான்ஸ்டியூசர் மட்டத்திலிருந்து 20 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் நிற்கும்படி ஒரு டியூபை மாட்டி, மதியம் வரைக்கும் அப்படியே ஓடவிடச் சொல். ஏ.சி.யை நடுவில் ஒரு முறை நிறுத்து. த்ரீ-வேயைப் பலமுறை திருப்பி, சொட்டு எங்கே விழுகிறது என்று குனிந்து பார். கோடு 20-ஐ விட்டு நகர்ந்தால் ஆர்டரில் கையெழுத்துப் போடாதே.