கொக்கி மாட்டும் முன் கேள்வி கேட்ட டோயிங் சர்வீஸ்

போன வாரம் இரவு எட்டரை மணி வாக்கில் நெடுஞ்சாலையில் வண்டி படுத்துவிட்டது. உள்ளே நான், அம்மா, பிள்ளைகள் இருவர். முதலில் டேஷ்போர்டில் சிவப்பாக பேட்டரி விளக்கு எரிந்தது. பேட்டரிதானே, வீடு வரைக்கும் தாங்கிவிடும் என்று நான் நினைத்து முடிப்பதற்குள் ஸ்டியரிங் கல் மாதிரி கனத்துவிட்டது, ஓரம் கட்டுவதற்குள் டெம்பரேச்சர் முள்ளும் ஏற ஆரம்பித்தது. உடனே எஞ்சினை அணைத்துவிட்டேன். மூன்று கோளாறு ஒரே நேரத்தில் எப்படி வரும் என்று அப்போது புரியவில்லை. மூன்றுக்கும் ஒரே பெல்ட்தான் காரணம். எங்கள் வண்டியில் பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர், ஸ்டியரிங்கை லேசாக்கும் பவர் ஸ்டியரிங் பம்ப், எஞ்சினைக் குளிர்விக்கும் நீரைச் சுற்றவிடும் வாட்டர் பம்ப் எல்லாவற்றையும் ஒற்றை பெல்ட்தான் சுற்றுகிறது, அது அறுந்தால் மூன்றும் ஒன்றாகவே நின்றுவிடும். இந்த மூன்றையும் ஒருசேரப் பார்த்தால் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதீர்கள், வாட்டர் பம்ப் சுற்றாத எஞ்சின் சில நிமிடங்களிலேயே கொதித்து அதன் மேல் பாகமான ஹெட் வளைந்துபோகும் அளவுக்குப் போகலாம்.

இந்த டோயிங் சர்வீஸைக் கூப்பிடுவதற்கு முன்னால் வேறு ஒரு டோயிங் வண்டி வந்தது, அதையும் சொல்ல வேண்டும். சக்கரத்தைத் தூக்கி இழுக்கிற வகை வண்டி. எங்கள் காரின் முகம் தடுப்புக் கம்பியை ஒட்டி நின்றதால், பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு முன் சக்கரங்கள் ரோட்டில் உருள அப்படியே இழுத்துப்போகிறேன், பக்கம்தானே என்றார் வந்தவர். எங்களுடையது முன் சக்கரம் இழுக்கும் ஆட்டோமேட்டிக். பெரும்பாலான ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் ஆயில் பம்பை எஞ்சின்தான் ஓட்டுகிறது, எஞ்சின் அணைந்திருக்கும்போது முன் சக்கரங்கள் உருண்டால் உள்ளே ஆயில் ஓடாமலே பாகங்கள் சுற்றும், பெல்ட் செலவோடு போக வேண்டியது கியர்பாக்ஸ் செலவாகிவிடும். வண்டியோடு வந்த புத்தகத்தில் இதைத் தெளிவாகப் போட்டிருக்கிறார்கள். வேண்டாம் என்றேன். அவர் கோபித்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அப்புறம்தான் இவர்களுக்கு போன் செய்தேன். எங்கே நிற்கிறீர்கள் என்று கேட்ட கையோடு வரிசையாகக் கேள்விகள்: மேனுவலா ஆட்டோமேட்டிக்கா, முன் வீல் டிரைவா நாலு வீல் டிரைவா, ஹைபிரிட்டா, சக்கரம் நாலும் நேராக உருளுமா, கியர் நியூட்ரலுக்கு வருகிறதா, கூட எத்தனை பேர், வயதானவர்கள் உண்டா. அந்த நேரத்தில் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது, முதலில் வண்டியை அனுப்புங்கள் என்று குரலை உயர்த்திக்கூட பேசினேன். ஆனால் ஒவ்வொரு கேள்விக்கும் காரணம் இருக்கிறது. நாலு சக்கரமும் இழுக்கிற வண்டியில் எந்தச் சக்கரமும் தரையில் உருளக் கூடாது. எலக்ட்ரிக், ஹைபிரிட் வண்டிகளில் சக்கரம் உருண்டால் மோட்டாரும் சேர்ந்து சுற்றி மின்சாரம் உண்டாக்கும், அதனால் அவற்றையும் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். எனக்கு ஃபிளாட்பெட், அதாவது காரை முழுதாக மேலே ஏற்றிக்கொண்டு போகும் தட்டை வண்டி, அனுப்புவதாகச் சொன்னார்கள். பிள்ளைகளை வண்டிக்குள் உட்கார வைக்காமல் தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் கூட்டிப்போய் நிற்கச் சொன்னதும் அவர்கள்தான். எனக்கு அது தோன்றவே இல்லை.

குறையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒரு மணி நேரம் என்றார்கள், வந்து சேர இரண்டரை மணி நேரம் ஆனது. நடுவில் ஒரு போன்கூட இல்லை, மூன்று தடவை நானேதான் கூப்பிட்டேன். முழங்கால் வலியோடு அம்மா கல்லில் உட்கார்ந்திருந்ததை நினைத்தால் இப்போதும் மனசு ஆறவில்லை. தாமதம் ஆகும் என்று முன்னாலேயே சொல்லியிருந்தால் வீட்டுக்காவது அனுப்பி வைத்திருப்பேன். டோயிங் வண்டி கேபினிலும் டிரைவரைத் தவிர இரண்டு பேருக்குத்தான் இடம், எனவே நானும் பிள்ளைகளும் தனியாக ஒரு டாக்ஸி பிடிக்க வேண்டியதாயிற்று. நான்கு பேர் என்று போனிலேயே சொல்லியிருந்தேன்.

வந்த தம்பி வேலை செய்த விதத்தை மட்டும் மறக்க முடியாது. இத்தனை நேரம் பார்க்கிங் விளக்கும் ஃபேனும் ஓடி பேட்டரி இறங்கிப்போயிருந்தது, கியர் லிவர் பார்க்கை விட்டு நகரவே இல்லை. லிவருக்குப் பக்கத்தில் நகம் அளவுக்கு ஒரு மூடி, அதை நெம்பி எடுத்து ஒரு மெல்லிய ஸ்குரூ டிரைவரை உள்ளே விட்டு அழுத்தியபடி லிவரை இழுத்தார், நியூட்ரலுக்கு வந்துவிட்டது. ஐந்து வருடமாக இந்த வண்டியை ஓட்டுகிறேன், அந்த மூடி எதற்கு என்று எனக்குத் தெரியாது. அடுத்து, "அக்கா, டிக்கியைத் திறங்க, ஜாக்கி இருக்கிற இடத்துல ஒரு இரும்பு வளையம் இருக்கும்" என்றார். ஸ்டெப்னிக்கு அடியில் ஜாக்கியோடு அது கிடந்தது. பம்பரில் உள்ள சதுர மூடியை எடுத்துவிட்டு, அந்த வளையத்தைக் கையால் திருகி, கடைசியில் வீல் ஸ்பேனரை உள்ளே நுழைத்து இறுக்கினார். சில வண்டிகளில் இதன் மரை எதிர்ப்பக்கம் சுற்றும், அரைகுறையாக மாட்டி இழுத்தால் வளையம் பிடுங்கிக்கொண்டு வரும் என்றார்.

டோயிங் வண்டியின் படுக்கையைச் சாய்த்து, அதிலுள்ள வின்ச் என்ற இழுவை உருளையின் கம்பியை வளையத்தில் மாட்டி, பம்பர் தரையில் இடிக்காமல் இருக்க டயருக்கு முன்னால் இரண்டு பலகை போட்டு, அங்குலம் அங்குலமாக ஏற்றினார். ஏறியதும் பார்க்கில் போட்டு ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். கட்டுகிற பட்டையை அடியில் எங்கேயும் மாட்டவில்லை, நாலு டயர் மேலும் சுற்றித்தான் கட்டினார். அடிப்பக்கக் கம்பிகளில் கட்டினால் ரோட்டில் வண்டி குதிக்கும்போதெல்லாம் அவைதான் இழுபடும். நாங்கள் டாக்ஸியில் பின்னாலேயே போனோம், கொஞ்ச தூரம் போனதும் ஓரம் கட்டி இறங்கி, பட்டை ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்து மறுபடி இறுக்கினார். யாரும் கேட்காமலே செய்தது அது.

இனி ஒர்க்‌ஷாப். இந்த பெல்ட் விஷயத்தில் எனக்கு ஆதங்கம் உண்டு. இரண்டு மாதமாகவே காலையில் ஸ்டார்ட் செய்யும்போது கீச்சென்று சத்தம் வரும். முன்பு விட்டுக்கொண்டிருந்த இடத்தில் சொன்னபோது, பெல்ட்டை விரலால் மடக்கிப் பார்த்துவிட்டு, விரிசல் ஒன்றும் இல்லை, நன்றாகத்தான் இருக்கிறது என்று எதையோ ஸ்பிரே செய்து அனுப்பினார்கள். சத்தம் ஒரு வாரம் நின்றது, அவ்வளவுதான். இவர்களுடைய இடத்தில் மறுநாள் காலை மெக்கானிக் அறுந்த பெல்ட்டைக் கையில் கொடுத்தார். ஓரம் முழுக்க நூல் பிரிந்து தொங்கியது, நடுவில் விரிசலே இல்லை. இப்போது வருகிற பெல்ட்டுகளின் ரப்பர் பழைய ரப்பர் மாதிரி சீக்கிரம் வெடிக்காதாம், டயர் தேய்வது போல வரிப்பள்ளம் தேய்ந்துகொண்டே போகுமாம். அதை அளக்க ஒரு சின்ன பிளாஸ்டிக் அளவுகோல் வைத்திருக்கிறார்கள், பள்ளத்தில் வைத்துக் காட்டினார். அதைவிட முக்கியம், பெல்ட்டைத் தளராமல் இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர். அதன் உருளையைக் கையில் கொடுத்து சுற்றச் சொன்னார், உள்ளே மணல் கொட்டிய மாதிரி கரகரவென்று இருந்தது. பேரிங் போய் உருளை சாய்ந்து பெல்ட்டின் ஓரத்தை அறுத்திருக்கிறது. கீச் சத்தம் அதற்குத்தான். பெல்ட்டை மட்டும் மாற்றியிருந்தால் புதியதும் சீக்கிரமே போயிருக்கும்.

முள் ஏறியது என்று சொல்லியிருந்ததால் கூலிங் லைனையும் சோதித்தார்கள். எஞ்சின் நன்றாக ஆறியபின் ரேடியேட்டர் வாயில் ஒரு கைப்பம்பை மாட்டி அழுத்தம் ஏற்றி, முள் இறங்குகிறதா என்று கால் மணி நேரம் பார்த்தார்கள். இறங்கவில்லை. அந்தக் கால் மணி நேரமும் நான் அங்கேயே நின்றிருந்தேன், அது இறங்கியிருந்தால் கதையே வேறு.

சர்வீஸ் நாளும் நெருங்கியிருந்ததால் அதையும் முடித்துத் தரச் சொன்னேன். ஆயில், ஃபில்டர் எல்லாம் வழக்கம் போல. பிரேக் ஆயில் பற்றி அவர்கள் சொன்னதைத்தான் எல்லாரும் கவனிக்க வேண்டும். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். டாட் 4 என்ற வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது, ஈரம் ஏறிவிட்டால் அந்த அளவு 155 வரை இறங்கலாம். மலை இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வரும்போது உள்ளே கொதித்து ஆவியானால், பெடல் தரை வரை போகும், வண்டி நிற்காது. பெரும்பாலான வண்டிகளுக்கு இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். எங்களுடையதில் ஐந்து வருடமாக யாரும் தொட்டதே இல்லை. பிள்ளைகளைப் பின்னால் உட்கார வைத்து அந்த பிரேக்கை நம்பித்தான் ஓட்டியிருக்கிறேன். டயரையும் திருப்பிக் காட்டினார்கள், ஓரத்தில் நாலு இலக்கம் இருக்கும், 1416 என்றால் 2016 ஆம் ஆண்டின் 14 ஆவது வாரம் செய்தது. அதுதான் எங்கள் ஸ்டெப்னி. போன வருடம் பழைய வண்டிக்கடையில் மாற்றி வாங்கியது, புதுசு மாதிரி பளபளவென்று இருக்கிறது, ஆனால் ரப்பருக்கு வயதாகிவிட்டது.

எஞ்சின் ஃப்ளஷ், இன்ஜெக்டர் கிளீனிங் எல்லாம் செய்யட்டுமா என்று நானே கேட்டேன், இப்போது தேவையில்லை என்று சொல்லிவிட்டார்கள். வீல் நட்டை ஏர் கன்னால் அடித்து விடாமல், குறுக்கும் நெடுக்குமாக, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ஸ்பேனரில் இறுக்கி, 100 கிலோமீட்டருக்குள் ஒரு தடவை வந்து சரிபார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். ஏசி ஃபில்டரை மட்டும் கேட்காமலே மாற்றிப் பில்லில் சேர்த்திருந்தார்கள். அழுக்காகத்தான் இருந்திருக்கும், ஆனாலும் மாற்றும் முன் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். சொன்னதும் கூலியைக் கழித்துக்கொண்டார்கள், பழைய ஃபில்டரையும் எடுத்து வந்து காட்டினார்கள்.

ஐந்துக்கு நாலு தருகிறேன். அந்த ஒன்று, ரோட்டோரம் காத்திருந்த இரண்டரை மணி நேரத்துக்காகப் பிடித்தது. கூலண்ட் மாற்ற வேண்டிய முறை அடுத்து வருகிறது, அதற்கு இவர்களிடமே நாள் வாங்கிவிட்டேன். அந்த இரும்பு வளையத்தை டிக்கியிலிருந்து எடுத்து டேஷ்போர்டு பெட்டிக்குள் வைத்திருக்கிறேன்.